பிறகு

யூனியன் பிளேஸில் எங்கள் கந்தோர், நாலாம் மாடி.
எல்லோரும் போய்விட்டார்கள்.
ஃபாஸில் விட்டுப்போன ரெக்கோடரை
மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.
அவன் லீவில் அக்குறணைக்குப் போய்விட்டான்,
போனை எடுக்கிறானில்லை.
காலை ஒன்பதுக்கு வாக்குமூலம் தட்டச்சாகி
இழப்பீட்டுப் பிரிவுக்குப் போகவேண்டும்.
நாலு பக்கமாவது வேணும் என்றார் மனேஜர்.

முதலில் அது எழும்பவே இல்லை.
ஒற்றைப் பட்டரியைக் கழற்றி
உள்ளங்கைச் சூட்டில் உருட்டி
சேலை நுனியால் முனை துடைத்துப் போட்டேன்.
ஒன்றுமில்லை.
சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றைத் திருடினேன்.
கடிகாரம் ஆறு நாற்பதில் நின்றது.
ரெக்கோடர் பச்சைக் கண்ணைத் திறந்தது.

எந்தப் பொத்தானை அமுக்கினாலும்
திரையில் ஒரு குட்டிப் பூட்டு மினுங்கியது, அவ்வளவுதான்.
விலாப்பக்கத்தில் நகத்தளவு ஒரு தள்ளுவிசை:
தள்ள ஒரு கணம்,
கண்டுபிடிக்க அரை மணி.

இப்போது இலக்கங்கள் ஓடின. சத்தம் இல்லை.
ஒலியை முப்பதுவரை ஏற்றினேன்.
முப்பது அளவு நிசப்தம்.
ஹெட்போன் துளைக்குள் எட்டிப் பார்த்தால்
ஃபாஸிலின் சட்டைப்பைப் பஞ்சு,
ஒரு பாண் துணிக்கை.
குண்டூசியால் நோண்டி எடுத்தேன்.

ஒரு குரல்.

படுவேகத்தில், எலி பேசுவதுபோல்.
குறைத்தேன்; எருமை.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு மனிதர் இருந்தார்:
லோறன்ஸ், வயது நாற்பத்தாறு,
த்ரீவீல் ஓட்டுகிறவர், மருதானைச் சந்தி ஸ்டாண்ட்.

"சிவப்பு விழுந்திட்டுது. பஸ் நிக்கேல்ல.
அந்தப் பெடியன் சைக்கிளில வாறான்,
பின்னால ஒரு குடை கட்டியிருக்கு. பிறகு
பெடியன் சைக்கிளில வாறான்,
பின்னால ஒரு குடை கட்டியிருக்கு. பிறகு
பெடியன் சைக்கிளில"

அணைத்தேன், போட்டேன்.
கார்டைக் கழற்றி ஊதினேன்.
பெடியன் சைக்கிளில வந்தான்.
மெனுவுக்குள் இறங்கிப் போனதில்
"எல்லாவற்றையும் அழிக்கவா?" என்றது திரை,
ஆம் என்பதன்மேல் தானே போய் நின்றுகொண்டு.
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலாம் குறுக்குத் தெரு ஸப்ரானுக்கு எடுத்தேன்.
கடையை இழுத்துப் பூட்டும் சத்தத்தோடு பேசினான்:
"ஏ, பி எண்டு ரெண்டு எழுத்து விழுந்திரிக்கா அக்கா?
பொக்கட்டுக்குள்ள அமந்திரிக்கும்.
அது ரெண்டுக்கும் நடுவுலதான் சுத்தும்.
மெஷின்ல பிழை ஒண்டுமில்ல.
அதே பொத்தான இன்னொருக்கா அமத்துங்க,
உட்டிரும்."

அமத்தவில்லை, உடனே.

பேரை வாவியின் நாற்றம் யன்னலால் வந்தது.
கோப்பில் ஆஸ்பத்திரித் தாள் இருக்கிறது.
இடது தொடை எலும்பு, மூன்று இடம்.
பெயர் நிரோஷன், வயது பத்தொன்பது.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் மை.
அதையெல்லாம் மூடி ஒருபுறம் தள்ளினேன்.
ஏக்கும் பிக்கும் இடையே ஆறு செக்கன்.
வந்துகொண்டே இருந்தான் பெடியன்,
குடை நனையாமல்,
மருதானையில் ஒரு பஸ்ஸும் அவனைத் தொடாமல்.
பதினொரு தரம் எண்ணினேன், அதன்மேல் எண்ணவில்லை.

காலை ஒன்பது என்று ஒன்று இருக்கிறது.
அமத்தினேன்.

"பிறகு என்ன நடந்தது எண்டு நான் பார்க்கேல்ல தம்பி.
பொய் சொல்லக்கூடாது.
ஒரு ஆளுக்கு மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருந்தனான்.
சத்தம் கேட்டுத் திரும்பினா
குடை ரோட்டில விரிஞ்சு கிடக்குது.
ஆர் விரிச்சதோ."

ஃபாஸில் இருமுகிறான். கதிரை நகர்கிறது.
இலக்கங்கள் நிற்கின்றன.

தட்டச்சில் அரைப் பக்கம் வந்தது.
வரி இடைவெளியைக் கூட்டினேன்,
முக்கால் ஆயிற்று.

பட்டரியைக் கடிகாரத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
அது ஆறு நாற்பதிலிருந்து நடக்கத் தொடங்கியது.
நேரத்தைத் திருத்தக் கதிரைமேல் ஏறவேண்டும்,
நாளைக்குப் பார்க்கலாம்.